யூரோ ஏறினால் துப்பாக்கி விலை ஏறுகிறது; இறங்கினால்?

இறக்குமதித் துப்பாக்கிகளின் விலை உயரும்போதெல்லாம் விற்பவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: "யூரோ ஏறிவிட்டது." இந்தச் சந்தையின் விலைப்பட்டியல்களை ஆர்வத்தோடு கவனித்து வருபவன் நான். அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லி வசூலிக்கப்படும் தொகை முழுவதற்கும் யூரோ பொறுப்பல்ல என்பதே என் உறுதியான கருத்து.

தனிநபர்கள் துப்பாக்கி வாங்கும் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா என்பதால் கணக்கை டாலரில் போடுவோம். ஐரோப்பியத் தொழிற்சாலை ஒரு கைத்துப்பாக்கியை 400 யூரோவுக்கு அனுப்புகிறது, ஒரு யூரோவின் மதிப்பு 1.10 டாலர், கடையில் விலை 750 டாலர் என்று வைத்துக்கொள்வோம். யூரோவோடு தொடர்புடைய பகுதி 440 டாலர்தான். மீதியில் கப்பல் கட்டணம், காப்பீடு, கிடங்கு, வரி, பிறகு இறக்குமதியாளர், மொத்த விற்பனையாளர், கடைக்காரர் ஆகிய மூவரின் லாபம் எல்லாம் அடங்குகின்றன. கடைக்காரரின் வாடகையும் ஊழியர் சம்பளமும் யூரோவில் கொடுக்கப்படுவதில்லை.

யூரோ 10 சதவீதம் ஏறினால் கொள்முதலில் கூடுவது 44 டாலர். கைத்துப்பாக்கிகளுக்கு அங்கே 10 சதவீதக் கலால் வரி உண்டு. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இறக்குமதியாளரின் விற்பனை விலை மீது விதிக்கப்படும் வரி என்பதால் அந்த 44-க்கு மேல் இன்னொரு 4.40. ஆக, நியாயமான உயர்வு சுமார் 48 டாலர், அதாவது ஆறரை சதவீதம். ஆனால் மூவரும் லாபத்தைத் தொகையாக வைக்காமல் சதவீதமாக வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கை மாறும்போதும் உயர்வும் பெருகி, வாங்குபவரிடம் வரும்போது 70 டாலரைத் தாண்டிவிடும். இருபதுக்கும் மேற்பட்ட அந்தக் கூடுதல் டாலர் செலாவணியால் வந்ததல்ல. அது லாபம் கணக்கிடும் முறையால் வந்தது. இதைத்தான் வாங்குபவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது காலம். இறக்குமதி அனுமதி, தயாரிப்பு, கப்பல் பயணம் என்று ஆர்டருக்கும் கடை அலமாரிக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. இன்று கடையில் இருக்கும் துப்பாக்கிக்கு இன்றைய விகிதத்தில் யாரும் பணம் கட்டவில்லை. பெரிய இறக்குமதியாளர்கள் முன்பேர ஒப்பந்தம் மூலம் விகிதத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வதும் உண்டு. "அடுத்த சரக்கைப் புதிய விலையில்தானே வாங்க வேண்டும்" என்று கடைக்காரர் கேட்கலாம். சரியான கேள்விதான். அப்படியானால் அதே நியாயம் இறங்கும்போதும் பொருந்த வேண்டும் அல்லவா? 2014 வசந்தத்தில் 1.39 டாலர் அளவில் இருந்த யூரோ, 2015 மார்ச்சில் 1.05-ஐ ஒட்டி வந்தது. 2022 ஜூலையில் டாலருக்குச் சமமாகவே ஆனது. ஏற்றத்தைச் சுமத்துவதில் காட்டும் வேகத்தை அந்த இறக்கங்களைக் கடத்துவதில் நான் பார்க்கவில்லை.

விற்பவர் பக்கம் முழுமையாக நியாயம் இருந்த நாளும் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று காத்துவந்த எல்லையை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்கின் மதிப்பு தாவி எழுந்தது. பிராங்கில் பணம் கட்ட வேண்டியிருந்தும் விகிதத்தை உறுதி செய்யாமல் விட்ட இறக்குமதியாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் விலையை ஏற்றியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

துருக்கியின் கதை இதற்கு நேர்மாறானது. கொன்யா மாகாணத்து ஹூலு, உஸும்லு ஆகிய சிற்றூர்களிலிருந்து வேட்டைத் துப்பாக்கிகள் உலகெங்கும் போகின்றன. 2018 தொடக்கத்தில் டாலருக்கு நான்குக்கும் குறைவாக இருந்த லிரா, 2023 முடிவில் 29-ஐத் தாண்டிச் சரிந்தது. துப்பாக்கி விலை ஏழில் ஒரு பங்காகிவிட்டதா? இல்லை. துருக்கியின் ஏற்றுமதி பெரும்பாலும் டாலரிலும் யூரோவிலுமே விலை பேசப்படுகிறது. ஏற்றுமதி விலைகள் பெரும்பாலும் டாலரில் குறிக்கப்பட்டு அதிலேயே நின்றுவிடுவதைப் பொருளாதார அறிஞர் கீதா கோபிநாத்தின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியிருக்கின்றன. லிரா சரிந்ததால் கிடைத்த ஆதாயம் முதலில் தொழிற்சாலையிடம் தங்கியது. பிறகு அதையும் பணவீக்கம் தின்றது. 2022 அக்டோபரில் அங்கே அதிகாரபூர்வப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

ஆகவே "எந்த நாட்டுத் துப்பாக்கி" என்று கேட்பதைவிட "எந்த நாணயத்தில் பில் போட்டார்கள்" என்று கேட்பதே முக்கியம். கனடாவில் வாங்குபவருக்கு இது இன்னும் சிக்கலானது. ஐரோப்பியத் துப்பாக்கி அமெரிக்க விநியோகஸ்தர் வழியாக வந்தால் இரண்டு விகிதங்கள் அவர் தலையில் விழுகின்றன. 2016 ஜனவரியில் கனடிய டாலர் 70 அமெரிக்க சென்டுக்கும் கீழே போனபோது, அமெரிக்க டாலருக்கு எதிராக யூரோவும் மலிவாகவே இருந்தது. ஆனால் அமெரிக்க டாலரில் விலை குறிக்கப்பட்ட துப்பாக்கிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

க்ளாக் நிறுவனம் ஆஸ்திரியாவோடு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஸ்மிர்னாவிலும் உற்பத்தி செய்கிறது. பிரேசிலின் டாரஸ் 2019-இல் அதே மாநிலத்தின் பெயின்பிரிட்ஜில் ஆலை திறந்தது. அங்கே தயாராகும் துப்பாக்கிக்கும் "யூரோ ஏறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், தயங்காமல் அதில் பொறித்திருக்கும் தயாரிப்பு நாட்டைப் படித்துக் காட்டுங்கள்.

பெரிய இயந்திரக் கொள்முதல்களில் செலாவணி மாற்றப் பிரிவு என்று ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். எந்த விகிதத்தில் விலை கணக்கிடப்பட்டது, எவ்வளவு மாறினால் விலை எப்படி மாறும் என்று அதில் எழுதியிருப்பார்கள். துப்பாக்கி இறக்குமதியாளர்களும் தங்கள் விலைப்பட்டியலில் விகிதம், தேதி, பில் போட்ட நாணயம் ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டும். விலை ஏறும் பட்டியலில் மட்டுமல்ல, எல்லாப் பட்டியலிலும்.