விளக்கை அணைத்தாலும் அழகு போவதில்லை
அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பிராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து வந்த கற்களை "பகலில் பார்த்தால் வெறும் சரளைக்கல், புற ஊதா விளக்கில்தான் மதிப்பு" என்று ஒளிரும் கற்களைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுரங்கத் தாதுவில் வில்லமைட் என்ற துத்தநாகக் கனிமம் பச்சையாகவும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் செக்கச்செவேலென்றும் அந்த விளக்கில் ஒளிர்வது உண்மைதான். ஆனால் அந்த ஊரின் பெயரையே தாங்கிய கரிய பிராங்க்ளினைட் கனிமம் துளிகூட ஒளிராது. என் மேசையில் இருக்கும் கல்லில் வெள்ளைக் கால்சைட்டுக்குள் ரத்தச் சிவப்பில் சின்கைட் (துத்தநாக ஆக்சைடு கனிமம்) மணிகள் பதிந்திருக்கின்றன. சன்னல் வெளிச்சமே அதற்குப் போதும். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், தான் வாங்கிய புற ஊதா விளக்கில் எதுவும் ஒளிரவில்லை என்று வருந்தியிருக்கிறார். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கடைகளில் மலிவாகக் கிடைப்பது 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள நெட்டலைப் புற ஊதா விளக்கு. இந்தக் கற்கள் முழு வண்ணம் காட்ட 254 நானோமீட்டர் குற்றலைப் புற ஊதா விளக்கு வேண்டும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கட்டாயம். கட்டுரை தொடாத ஒன்று: ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் பெரிய சின்கைட் படிகங்களை "இயற்கையானது" என்று விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை போலந்தின் துத்தநாக உலைகளில் உருவானவை. பிராங்க்ளினில் சின்கைட் பெரும்பாலும் மணிமணியாகத்தான் கிடைத்தது, நல்ல படிகம் மிக அரிது. அங்கே 1954இலும், ஸ்டெர்லிங் ஹில்லில் 1986இலும் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. அதனால் வாங்குமுன் கல் எங்கே கிடைத்தது என்று சொல்லும் பழைய சேகரிப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிடாதீர்கள்.