ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது
“ஏசி வெளிக்காற்றைச் சுத்தம் செய்து தருகிறது, ஜன்னலைத் திறக்கவே வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாதாரண ஸ்பிளிட் ஏசி அப்படிச் செய்யாது. அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. வெளியே போகும் குழாய்களில் ஓடுவது குளிரூட்டும் வாயுவும் வடிநீரும்.

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், அடைத்த அறையில் பத்துப் பேர். மதியமானால் எல்லோருக்கும் தலை பாரம். கருவி வைத்துப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு 1,800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,800 பங்கு). வெளியே சுமார் 420தான். அந்த அளவு விஷமல்ல, வெளிக்காற்று போதவில்லை என்பதன் அடையாளம்.

அப்புறம், அடைத்தே வைக்கும் அறையில் இன்னொரு தொல்லை பூஞ்சை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பீரோவை நகர்த்தினால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். நீர்க்கசிவை அடைக்காமல் வெறுமனே பெயின்ட் அடித்தால் மறுபடி வரும்.