ஜான் வூ படத்துல துப்பாக்கிக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்க?

ஹாங்காங் ஆக்‌ஷன் டைரக்டர் ஜான் வூ பத்தி எப்ப பேச்சு வந்தாலும் நம்ம மதுரைப் பயலுக ஒரே பாட்டைத்தான் பாடுறாய்ங்க. ஹாங்காங்ல இருந்தவரைக்கும் மனுசன் சிங்கம், ஹாலிவுட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கெடுத்துப்புட்டாய்ங்கன்னு. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. அப்படின்னா 'ஃபேஸ் ஆஃப்' எங்கிருந்து வந்துச்சு? அது பக்கா ஹாலிவுட் படம். அதே மாதிரி திரும்பி ஆசியாவுக்கு வந்து எடுத்த 'தி க்ராஸிங்' ரெண்டு பாகமா வந்தும் ஏன் எடுபடல, 2017ல வந்த 'மேன்ஹன்ட்' ஏன் நம்ம மனசுல நிக்கல? ஊரு மாறுனதுல இல்ல விசயம்.

என் கணக்கு வேற. ரெண்டு கையிலயும் துப்பாக்கி, ஸ்லோமோஷன், பறக்குற புறா, காத்துல ஆடுற கோட்டு, இதெல்லாம் அவரோட எல்லாப் படத்துலயும் இருக்கு, மொக்கைப் படத்துலயும் இருக்கு. ஆனா சுடுறவனுக்கும் எதிர்ல நிக்கிறவனுக்கும், இல்லைன்னா பக்கத்துல நிக்கிறவனுக்கும், நடுவுல ஒரு உறவு இருக்கணும், அந்த உறவுக்காக ஒருத்தன் எதையாவது இழக்கணும். அது இருக்குற படத்துல இந்த ஸ்டைல் நெஞ்சைப் பிடிச்சு உலுக்கும். அது இல்லாத படத்துல கல்யாண மண்டப சீரியல் லைட்டு மாதிரி மினுக்கிட்டே இருக்கும், அவ்ளோதான்.

1986 'எ பெட்டர் டுமாரோ'வையே எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி வூ காமெடிப் படமா எடுத்துட்டு இருந்தாரு, அதுவும் கடைசில ஓடல, சுய் ஹார்க் தயாரிப்பாளரா வந்து கைகொடுத்தாரு. சௌ யுன் ஃபேட்டும் அப்போ டிவில பெரிய ஆளு, சினிமால ராசியில்லாத நடிகர். படத்துல எல்லாரும் கொண்டாடுறது அந்த ரெஸ்டாரன்ட் சண்டையை, வராண்டாவுல நடந்துக்கிட்டே பூந்தொட்டிக்குள்ள துப்பாக்கிய ஒளிச்சு வச்சுட்டுப் போய், சுட்டுட்டுத் திரும்பி வரும்போது ஒண்ணொண்ணா எடுக்குறது. சூப்பர்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா படத்துல சௌ யுன் ஃபேட் தன் நண்பனைக் காட்டிக்கொடுத்தவனைப் பழிவாங்கத்தான் அங்க போறான், அதுல கால் போயிருது. அப்புறம் ஜெயில்ல இருந்து வெளிய வந்த நண்பன் இவனைப் பாக்கும்போது, கார் தொடச்சு, வீசி எறிஞ்ச காசைப் பொறுக்கி, ஒரு ஓரமா உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பான் பாருங்க, அந்த சீன்தான் முன்னாடி பாத்த ஸ்லோமோஷனுக்கு விலை கொடுக்குது. கால் போனது நமக்கு அப்பத்தான் உறைக்கும்.

1989 'தி கில்லர்' அடுத்த கட்டம். ஒரு கூலிக் கொலைகாரன், அவன் சுட்டதுல தெரியாம கண்ணு போன பாடகி, அவனைத் துரத்துற போலீஸ்காரர். அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் துப்பாக்கிய நேருக்கு நேர் நீட்டிக்கிட்டே, அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு பழைய சேக்காளிக மாதிரி பேசிக்கிட்டு இருப்பாங்க. ஆக்‌ஷன், காமெடி, பரிதாபம் மூணும் ஒரே ரூமுக்குள்ள. பேசப் பேசப் பொய்யா ஆரம்பிச்ச சிநேகம் நிஜமாவே ஆயிரும். கடைசில சர்ச்சுல அந்தக் கொலைகாரனுக்கும் கண்ணு போயி, அவனும் பாடகியும் தரையில தவழ்ந்து ஒருத்தரை ஒருத்தர் தேடி, கைக்கு எட்டாமத் தாண்டிப் போயிருவாங்க. இதை விடக் கொடூரமான முடிவை ஆக்‌ஷன் படத்துல நான் பாத்ததில்ல. அந்தச் சர்ச்சும் புறாவும் சும்மா அழகுக்கு வச்சது கிடையாது. 1953 கிறிஸ்துமஸ் சமயத்துல ஹாங்காங்ல ஷெக் கிப் மெய்ங்கிற இடத்துல நடந்த தீ விபத்துல வீடு இழந்த குடும்பம் வூவோடது, சர்ச் வழியா வந்த உதவியிலதான் படிச்சாரு, ஒரு காலத்துல பாதிரியார் ஆகணும்னே நினைச்சவரு. (எங்க பக்கம் மொட்டைமாடில புறா வளக்குற பசங்க வீட்டுக்கு வீடு இருக்காய்ங்க, அதனாலயோ என்னவோ புறா பறக்குற ஷாட்டைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வர்றதே இல்ல.)

'ஹார்ட் பாயில்ட்' 1992. ஆஸ்பத்திரி சண்டைல வெட்டே இல்லாம ரெண்டரை நிமிசத்துக்கு மேல போற ஷாட்டை எல்லாரும் டெக்னிக்கலா புகழ்றாங்க, நடுவுல சௌ யுன் ஃபேட்டும் டோனி லியூங்கும் லிஃப்ட்ல இருக்குற நேரத்துக்குள்ள வெளிய செட்டை மாத்தி வேற மாடி ஆக்கிட்டாங்க, உண்மையிலயே பெரிய வேலைதான். ஆனா அந்த ஷாட்டோட உயிரு லிஃப்டுக்குள்ள இருக்கு. டோனி லியூங் தெரியாம ஒரு போலீஸ்காரனையே சுட்டுட்டு உறைஞ்சு போய் நிப்பாரு, அதை வச்சு ரெண்டு பேரும் பேசிக்குவாங்க, கதவு திறந்ததும் மறுபடி சுடணும். அந்தப் பதட்டம் அறுந்துறக் கூடாதுன்னுதான் வெட்டாம எடுத்த மாதிரி எனக்குத் தோணுது. இன்னைக்கு சிங்கிள் ஷாட்னு போஸ்டர் ஒட்டுற டைரக்டருக அந்த லிஃப்டைத்தான் முதல்ல படிக்கணும்.

'புல்லட் இன் தி ஹெட்' (1990) பாக்காதவங்க தயவுசெஞ்சு பாருங்க. மூணு சேக்காளிக ஹாங்காங்ல இருந்து வியட்நாம் போறாய்ங்க, ஒரு பொட்டி தங்கம் குறுக்க வருது, அம்புட்டுதான், அதுக்கப்புறம் நட்பு என்ன ஆகுதுங்கிறது படம். வந்தப்ப ஓடல. 'சுப்ரமணியபுரம்' பாத்துட்டு ராத்திரி தூக்கம் வராமக் கெடந்த நம்ம ஆளுகளுக்கு இந்தப் படம் சப்டைட்டில் இல்லாமலே புரியும்.

இப்ப ஹாலிவுட். 'ஹார்ட் டார்கெட்' வான் டாமுக்காகப் பாக்கலாம். 'ப்ரோக்கன் ஏரோ' ஓகே. 1997 'ஃபேஸ் ஆஃப்'தான் பேச வேண்டியது. எதிர்காலத்துல நடக்குற சயின்ஸ் ஃபிக்‌ஷனா இருந்த கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்து, குடும்பத்தையும் பகையையும் முன்னாடி வச்சது வூ பண்ணுன பெரிய காரியம். மகனைக் கொன்னவனோட மூஞ்சிய மாட்டிக்கிட்டு ஒரு அப்பன் அலையுறான், கொன்னவன் அந்த அப்பனோட மூஞ்சியோட திரியுறான், இதை விட நெருக்கமான உறவு என்ன இருக்கு? கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நின்னு துப்பாக்கிய நீட்டுவாங்க, எதிர்ல தெரியிறது அவனவன் பிம்பம், ஆனா அது எதிரியோட மூஞ்சி. ஒரு வசனம் தேவையில்ல. படமா யோசிக்கத் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் அது தோணும்.

மூணு வருசம் கழிச்சு 'மிஷன் இம்பாசிபிள் 2', 2000ல உலகத்துலயே அதிகமா வசூல் பண்ணுன படம். நெருப்புக்கு நடுவுல புறா பறக்குது, பைக்ல மோதி அந்தரத்துல கட்டிப்புடிச்சு விழுறாங்க. பாக்கும்போது கை தட்டுனேன், இப்பவும் போட்டா உக்காந்து பாப்பேன். ஆனா வில்லனுக்கும் டாம் க்ரூஸுக்கும் நடுவுல எதுவுமே இல்ல, படம் முடிஞ்சா எதுவும் கூட வராது. 'விண்ட்டாக்கர்ஸ்' (2002) தோத்தது எனக்கு நிஜமான வருத்தம், ஏன்னா கரு அப்படியே வூவுக்காகவே செஞ்சது. நவாஹோங்கிற அமெரிக்கப் பழங்குடி மொழில ரகசியச் செய்தி அனுப்புற சிப்பாய், அவன் எதிரி கைல மாட்டுற மாதிரி ஆனா அவனையே கொன்னுறணும்னு உத்தரவோட காவலுக்கு நிக்கிற இன்னொரு சிப்பாய். என்ன மாதிரி கதை! ஆனா படம் முழுக்க நிக்கோலஸ் கேஜ் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு, அந்த நவாஹோக்காரனை முழு மனுசனா எழுதவே இல்ல. உறவுன்னா ரெண்டு பக்கமும் ஆளு வேணும்ல. 'பேசெக்' பத்தி எழுத எனக்கு ஒண்ணும் இல்ல, அதுலயும் ஒரு புறா வரும்.

2023ல வந்த 'சைலன்ட் நைட்' ஏறக்குறைய வசனமே இல்லாத படம், காட்சியாலயே கதை சொல்றவருக்குக் கிடைச்ச லட்டு மாதிரி சான்ஸ். மகனையும் குரலையும் இழந்த அப்பன் தனியா பழிவாங்குறான். தனியா, அதான் பிரச்சினை. 'தி கில்லர்'ஐ அவரே 2024ல பாரிஸ்ல வச்சுத் திரும்ப எடுத்தாரு, சண்டையெல்லாம் சுத்தமா இருக்கு, அந்தச் சர்ச் தரையில இருந்த வலி வரல.

நடுவுல 2008, 2009ல வந்த 'ரெட் க்ளிஃப்'ங்கிற பழங்காலச் சீனப் போர்ப் படத்தை நம்ம ஆளுக கண்டுக்கவே மாட்டேங்கிறாய்ங்க. கூட்டணி சேரலாமா வேணாமான்னு வாயால பேசாம, ரெண்டு தரப்பு ஆளுகளும் எதிரெதிரா உக்காந்து 'குச்சின்'ங்கிற சீனத் தந்திக் கருவிய மீட்டி மீட்டியே முடிவு பண்ணிருவாங்க, என்னைக் கேட்டா வூ எடுத்ததுலயே நல்ல நேருக்கு நேர் மோதல் அதுதான், அதுல துப்பாக்கியும் இல்ல கத்தியும் இல்ல. பாக்குறவங்க ரெண்டு பாகமா நாலு மணி நேரத்துக்கு மேல போறதைத் தேடிப் பாருங்க. வெளிநாட்டுக்குன்னு ரெண்டரை மணி நேரமா வெட்டி விட்டது ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, அதுல போர் இருக்கும், ஆளுகளுக்கு நடுவுல இருக்குறதுல பாதி காணாமப் போயிருக்கும்.