தகிட தகிட தக தக

மகனின் கைபேசி அலறியபோது சமையலறையில் இட்லி மாவுக் கையோடு நின்றிருந்தேன். யார் அழைப்பது என்று எட்டிப் பார்க்கவில்லை, தாளத்தை எண்ணினேன். ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு! ‘மிஷன் இம்பாசிபிள்’ இசையை நான்கில் வைத்திருக்கிறான். அன்று மாலை வீட்டில் நடந்த சண்டைக்கு மூலகாரணம் இதுதான்.

அது ஐந்தில் பிறந்த இசை. 1966இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘மிஷன் இம்பாசிபிள்’ என்ற உளவாளித் தொடர் தொடங்கியபோது லாலோ ஷிஃப்ரின் எழுதியது. புவெனஸ் அயர்ஸில் பிறந்து, பாரிஸில் செவ்வியல் இசை படித்து, டிசி கில்லஸ்பியின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர். கதையில் ஓட்டமும் துரத்தலுமான ஒரு கட்டத்துக்காகத்தான் இதை முதலில் எழுதினாராம். தயாரிப்பாளர் புரூஸ் கெல்லர் கேட்டுவிட்டு, முகப்புக்கே வைத்துக்கொண்டார். நல்ல காது அவருக்கு.

தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. ஆகப் பத்து, ஐந்தின் இரட்டிப்பு. முதல் இரண்டு அடிகள் நிதானமாக விழுகின்றன, அடுத்த இரண்டும் முண்டியடிக்கின்றன. இருட்டில் மாடியேறும்போது, எதிர்பார்த்ததற்குச் சற்று முன்பே அடுத்த படி காலில் இடிக்குமே, அந்தத் திடுக்கிடல் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: நெடில் இரண்டு, குறில் இரண்டு என்று வைத்துக்கொண்டால், தந்திக்கான மோர்ஸ் குறியீட்டில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துக்கு இரண்டு கோடு, ‘ஐ’க்கு இரண்டு புள்ளி. தொடர்ப் பெயரின் முதலெழுத்துகள்!

மிருதங்கம் கற்ற நாட்களில், ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடை எனக்குச் சிம்ம சொப்பனம். நான்கு எண்ணியதுமே கை சமத்துக்கு, அதாவது சுற்றின் தொடக்கத்துக்கு, ஓடிவிடும். ஆசிரியர் திட்டமாட்டார், வெற்றிலைப் பெட்டியைப் பட்டென்று மூடுவார், அவ்வளவுதான். அவர் ஆறு மாதம் சொல்லியும் ஏறாதது, நண்பர் வீட்டு வீடியோ கேசட்டில் இந்தத் தொடரின் முகப்பில் ஒரு தீக்குச்சி உரசப்பட்டபோது ஏறியது. திரி பற்றிக்கொண்டு ஓடுகிறது. நடுநடுவே அன்றைய கதையின் காட்சிகள் மின்னி மறைகின்றன. அடியில் கனத்த பாஸ் ஒலி விடாமல் உறுமுகிறது, பாங்கோஸ் என்ற இரட்டைச் சிறு மேளம் படபடக்கிறது, மேலே குழல் சறுக்கி இறங்குகிறது. என் விரல்கள் தாமாகவே ஐந்தைப் போட்டுக்கொண்டிருந்தன.

1996இல் இந்தத் தொடர் திரைப்படமாக வந்தபோது, யூ2 என்ற ராக் இசைக் குழுவின் லாரி முல்லனும் ஆடம் கிளேட்டனும் வெளியிட்ட பதிவில் பெரும்பகுதியை நான்காக நிமிர்த்திவிட்டார்கள். ஆடுவதற்கு வசதி என்பார்கள். ஆடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெடிக்கப்போகிற திரிக்கு வசதி எதற்கு? நொண்டிக்கொண்டே ஓடுவதுதான் அந்த இசையின் அழகு. காலைச் சரிசெய்து அணிவகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். படத்துக்கு இசையமைத்த டேனி எல்ஃப்மன் முகப்பில் ஐந்தைக் கைவிடவில்லை. அவருக்கு ஒரு கும்பிடு.

ஷிஃப்ரின் 2025 ஜூனில் 93 வயதில் காலமானார். அன்று முழுக்கச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

சண்டை ஓய்ந்தபின் மகன் பழைய பதிவைத் தேடிப் பிடித்து என் கைபேசிக்கு அழைப்பொலியாக வைத்துக் கொடுத்தான். இப்போது புது வம்பு. குழல் வந்து ஒரு சுற்று முடியாமல் எடுக்க மனம் வருவதில்லை. நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று இரண்டு முறை அழைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.