வாசலிலேயே இருக்கிறார்கள்

காட்டுயிர்களைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, வீட்டைச் சுற்றி நடந்தாலே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது முழுக்க உண்மை. எங்கள் கிராமத்து வீட்டுத் தாழ்வாரத்தில் வட்ட வலை பின்னும் சிலந்தி ஒன்று இருக்கிறது. இருட்டியதும் பழைய வலையைத் தின்றுவிட்டு, அந்தப் புரதத்தைக் கொண்டே புதிதாகப் பின்ன ஆரம்பிக்கும். முதலில் ஆரக்கால்கள், அப்புறம் ஒட்டும் சுருள். முடியும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவு அழகு! ஓட்டு இடுக்கில் சிட்டுக்குருவிக் கூடு வேறு. தானியம் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத்தான் அதிகம் ஊட்டும். தயவுசெய்து தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். குஞ்சுகள் பறக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்தச் சுவரில் ஏணிகூடச் சாய்ப்பதில்லை நான்.