இரும்புச் சாவி வலிப்பை நிறுத்தாது

"காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுங்கள், பல்லுக்கிடையில் கரண்டி வையுங்கள், நின்றுவிடும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று ஒரு குரல் பதிவு சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

காய்ச்சல் வலிப்பு பொதுவாக 6 மாதம் முதல் 5 வயது வரை வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். அப்போது கையில் சாவி இருந்தால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கரண்டி இன்னும் ஆபத்து: பால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் இறங்கலாம். தண்ணீரோ மருந்தோ கூட வாயில் ஊற்றக் கூடாது.

பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், டாக்டரும் அதைத்தான் கேட்பார். 5 நிமிடம் தாண்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மறுபடி வந்தாலோ உடனே 108.

சரி, நின்றுவிட்டால்? முதல் முறை என்றால் அப்போதும் உடனே டாக்டர் பார்த்தாக வேண்டும். மூளைக்காய்ச்சலும் இப்படித் தொடங்கலாம். அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒன்று: வலிப்பு நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்காதீர்கள். மலையிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து 108இல் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு வரலாம். வண்டிக்குக் காசு கிடையாது.