பவர் ஸ்டியரிங் ஆயில்: சிவப்பாக இருந்தால் போதாது

"ஆயில் சிவப்பாக இருக்கும்வரை மாற்றவே வேண்டாம், குறைந்தால் ஊற்றிக்கொண்டால் போதும்" என்று பவர் ஸ்டியரிங் ஆயிலைப் பற்றி, அதாவது ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் ஆயிலைப் பற்றி, ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

முதலில், எல்லாமே சிவப்பு கிடையாது. பச்சையிலும் வெளிர்மஞ்சளிலும்கூட வருகிறது, அதனால் உங்கள் வண்டிக்கான புது ஆயில் என்ன நிறமோ அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள்: கரும்பழுப்பாக இருந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ, பொடிப்பொடியாக ஏதாவது தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள், சூட்டில் ஆயில் கெட்டு, தேய்ந்த ரப்பர் சீலும் (கசிவைத் தடுக்கும் வளையம்) உலோகத் துகளும் அதில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நுரைத்தால் கதை வேறு, உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

அப்புறம் அளவு. எஞ்சின் ஆயில் மாதிரி இது எரிந்து குறையாது. தொடர்ந்து குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. ஊற்றிக்கொண்டே இருந்தால் கசிவு அடைபடுமா என்ன? ஊற்றுவதும் கையேட்டில் சொன்ன வகையாக இருக்கட்டும், கண்டதைக் கலந்தால் சீல் கெட்டுப்போகலாம்.

சரி, இன்னொன்று: புதிய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். அவற்றில் இந்த ஆயிலே கிடையாது, பானட்டைத் திறந்து டப்பாவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.